விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது: செய்தியில் வரும் எண்களை வாசிப்பது

2023 செப்ரெம்பர் மாதத்துப் பணவீக்கம் 1.3 சதவீதம் என்ற செய்தி வெளியான மறுநாள், திருகோணமலை மீன்சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் இருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணை, போன வருசம் எழுபது எண்டு கிடந்தது, இப்ப ஒண்டுக்கு வந்திட்டுதாம். சாமான் விலை நல்லா இறங்கிட்டுது" என்றார் இளையவர். மூத்தவர் காலடியில் இருந்த அரிசிப் பையைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, இதை ரெண்டு வருசத்துக்கு முந்தி நான் வாங்கின விலைக்கு இப்ப ஆர் தாறான்? பேப்பரில எழுதுறதெல்லாம் பொய்."

பத்திரிகை அச்சிட்ட எண் சரியானது. மூத்தவரின் அரிசிக் கணக்கும் சரியானது. தவறிப்போனது இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம்: அந்த எண் எதை அளந்தது, எதோடு ஒப்பிட்டது என்று சொல்லும் வாக்கியம். செய்தியில் வரும் ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு கேள்விக்கான விடை. விடையை மட்டும் அச்சிட்டுக் கேள்வியை விட்டுவிட்டால், வாசகர் தம் மனத்தில் ஏற்கெனவே உள்ள கேள்விக்கு அந்த விடையைப் பொருத்திக்கொள்கிறார். பொருந்தாதபோது முழுப் பத்திரிகையையும் நம்பாமல் விடுகிறார். பிராந்தியச் செய்தியாளனாகப் பல ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில், இந்த நம்பிக்கையிழப்பில் எங்கள் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன். புள்ளிவிபரவியல் படித்திராத வாசகருக்கும், புதிதாகச் செய்தி எழுத வரும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். சாதாரண தரக் கணிதம் தெரிந்தால் போதும்.

மலை ஏறுகிறவரும் பணவீக்கமும்

கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அவர் விறுவிறுவென்று ஏறுகிறார்; பாதி வழிக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது, அடிமேல் அடி வைத்துப் போகிறார். அவருடைய வேகம் குறைந்துவிட்டது. அதற்காக அவர் கீழே இறங்கிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. முன்பு நின்றதைவிட உயரத்தில்தான் நிற்கிறார். விலைவாசி என்பது அவர் நிற்கும் உயரம். பணவீக்கம் என்பது அவர் ஏறும் வேகம்.

குடும்பங்கள் வழமையாக வாங்கும் அரிசி, மீன், மண்ணெண்ணெய், பஸ் கட்டணம், வீட்டு வாடகை முதலியவற்றை ஒரு கூடையாகக் கருதி, அந்தக் கூடையின் மொத்த விலை போன ஆண்டின் இதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று கணக்கிட்டால் கிடைப்பதே செய்திகளில் வழமையாக வரும் பணவீக்க எண். இனிக் கணக்கைப் பாருங்கள். 2021 செப்ரெம்பரில் கூடையின் விலை 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், ஆகவே கூடை 169 ரூபா 80 சதம். 2023 செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம், அது அந்த 169 ரூபா 80 சதத்தின் மேல் ஏறுகிறது. கூடை ஏறத்தாழ 172 ரூபாவுக்கு வந்துவிட்டது. 2024 செப்ரெம்பரில் பணவீக்கம் மறைப் பெறுமானத்துக்குப் போய் மறை 0.5 சதவீதமானது. மலை ஏறியவர் உண்மையிலேயே ஒரு படி கீழே வைத்தது அந்த ஆண்டில்தான். கூடை 171 ரூபாவுக்கு இறங்கியது. நூறு ரூபாவுக்கு அது திரும்பவே இல்லை.

எங்கள் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன எண்கள் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணிலிருந்து வருபவை. பெயர் சொல்வது போலவே அது கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் கூடை. நாடு முழுவதற்குமான கூடைக்குத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று பெயர். 2022 செப்ரெம்பரில் அதன்படி பணவீக்கம் 73.7 சதவீதம். இரண்டையும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களமே வெளியிடுகிறது. எந்தச் சுட்டெண் என்று குறிப்பிடாமல் எழுதும்போது, மூதூரில் இருக்கும் வாசகர் கொழும்பின் கூடையைத் தன்னுடைய கூடையாக எண்ணிக்கொள்கிறார்.

சுருக்கமாக: பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று பொருள். விலை இறங்குவதற்குப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டும்.

சதவீதம்: எதன்மேல்?

சதவீதம் என்ற சொல்லைக் கண்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி "எதன்மேல்?" என்பது. கணக்கு விளங்குவதற்காக அறக்குளா மீன் ஒரு கிலோ 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்கவில்லை. விலை 50 சதவீதம் ஏறி 3,000 ரூபாவாகிறது. பிறகு கடல் அடங்கி, விலை 50 சதவீதம் விழுகிறது. ஏறியதும் ஐம்பது, விழுந்ததும் ஐம்பது, எனவே பழைய 2,000 ரூபாவுக்கு வந்திருக்கும் என்று தோன்றும். வந்திருக்காது. இரண்டாவது ஐம்பது 3,000 ரூபாவின்மேல் கணக்கிடப்பட்டது. மீன் இப்போது 1,500 ரூபா. ஒரே ஐம்பது, அடி மாறியதால் வேறு தொகையாகிவிட்டது.

இதைவிடக் கூடுதலான குழப்பம் சதவீதத்தையும் சதவீதப் புள்ளியையும் ஒன்றாக எழுதுவதால் வருகிறது. இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான நேர் வித்தியாசத்தைச் சதவீதப் புள்ளி என்கிறோம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, வர்த்தக வங்கிகளுக்கு ஓரிரவுக்குக் கடன் கொடுக்கும் வட்டி வீதத்தை 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. இது 7 சதவீதப் புள்ளி உயர்வு. அதே மாற்றத்தைச் சதவீதமாகச் சொன்னால், 7.5இன்மேல் 7 கூடியிருக்கிறது. ஏறத்தாழ 93 சதவீத உயர்வு. "வட்டி வீதம் 7 சதவீதத்தால் உயர்ந்தது" என்று எழுதினால் எழுத்துக்கு எழுத்து அதன் பொருள் 7.5இல் நூற்றுக்கு ஏழு பங்கு கூடியது என்பதே. அதாவது வட்டி 8 சதவீதத்தை ஒட்டி நின்றது என்றாகிவிடும். நகைக்கடையில் அடகு வைத்தவருக்கும் கடன் எடுத்து வள்ளம் வாங்கியவருக்கும் எட்டுக்கும் பதினாலரைக்கும் இடையில் இருக்கும் தூரம் தெரியும். "7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்துக்கு" என்று இரு முனைகளையும் எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. இடமும் கூடப் பிடிக்காது.

இரு மடங்கு என்ற சொல்

1995 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளை எடுக்கும் பெண்களுக்கு இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து, முந்திய வகை மாத்திரைகளோடு ஒப்பிடும்போது இரு மடங்கு என்பதே அதன் சாரம். செய்திகள் அந்த இரு மடங்கைத் தலைப்பாக்கின. பெண்கள் பலர் பயந்து மாத்திரையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடியதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

தலைப்பில் வராதது இதுதான்: பழைய மாத்திரையை எடுத்த 7,000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்குக் கட்டி வந்தது, புதியதை எடுத்த 7,000 பேரில் இருவருக்கு வந்தது. ஒன்று இரண்டானது இரு மடங்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கூடியது ஏழாயிரத்தில் ஒருவர். கர்ப்பமாக இருக்கும் காலத்தில் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து மாத்திரையால் வருவதைவிடக் கூடுதலானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பயந்து நிறுத்தியவர்கள் எதை விட்டு எதற்குள் போனார்கள் என்பது விளங்கும்.

இரு மடங்கு, மூன்று மடங்கு, 18 சதவீதம் கூடுதல் என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்வதைச் சார்பு ஆபத்து என்பார்கள். எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று நேராகச் சொல்வது தனி ஆபத்து. சார்பு ஆபத்து தலைப்புக்கு வாய்ப்பாக இருக்கும். வீட்டில் முடிவெடுக்க வேண்டிய ஒரு தாய்க்குத் தேவைப்படுவது தனி ஆபத்து. சுகாதாரச் செய்தி எழுதுகிறவர் இரண்டாவதை எழுதாமல் முதலாவதை மட்டும் எழுதுவது பாரதூரமான தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து வள்ளங்களின் சராசரி

பள்ளிக்கூடத்தில் இடை, இடையம், ஆகாரம் என்று மூன்றைப் படித்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற அந்த மூன்றில் முதல் இரண்டும் செய்திகளில் நாள்தோறும் வருகின்றன, பெரும்பாலும் பெயர் சொல்லாமல்.

விடியற்காலையில் ஐந்து வள்ளங்கள் கரைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கில் 12, 15, 18, 20 கிலோ மீன். ஐந்தாவது வள்ளத்துக்குப் பாரைக் கூட்டம் அகப்பட்டிருக்கிறது, 235 கிலோ. மொத்தம் 300 கிலோ. ஐந்தால் வகுத்தால் 60. இதுதான் இடை, செய்தியில் சராசரி என்று வருவது பெரும்பாலும் இதுவே. "வள்ளமொன்றுக்குச் சராசரி 60 கிலோ" என்று எழுதினால் கணக்கில் பிழை இல்லை. ஆனால் 60 கிலோவோடு வந்த வள்ளம் ஒன்றுமே கரையில் இல்லை; நான்கு வள்ளக்காரர் 20 கிலோவுக்கு மேல் காணவில்லை. வள்ளங்களை மீன்பாட்டின் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் வள்ளத்தைப் பார்த்தால் 18 கிலோ. இதுதான் இடையம். அன்றைய கடற்கரையின் நிலையை அது கூடுதல் நெருக்கமாகச் சொல்கிறது.

வருமானமும் இப்படித்தான். 2019ஆம் ஆண்டின் வீட்டு அலகு வருமான, செலவின மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. நாட்டின் குடும்பங்களில் சரிபாதி 53,333 ரூபாவுக்குக் கீழே இருந்தன என்பது இதன் பொருள். முதல் எண்ணை மட்டும் அச்சிட்டால், அந்தப் பாதிக் குடும்பங்களும் "எங்களிடம் மட்டும்தான் இல்லையோ" என்று நினைக்கும். 23,000 ரூபாவுக்கு மேற்பட்ட அந்த வித்தியாசம், பெரிய வருமானம் உள்ள சிறு பகுதியினர் சராசரியை இழுத்துக்கொண்டு போனதால் வந்தது. பாரைக் கூட்டம் அகப்பட்ட ஐந்தாவது வள்ளம் போல.

சுருக்கமாக: சிலரிடம் மிக அதிகமாகவும் பலரிடம் குறைவாகவும் இருக்கும் எதையும், வருமானமோ காணியோ மீன்பாடோ, இடையத்தோடு சேர்த்தே எழுத வேண்டும்.

எத்தனை பேர், எத்தனை பேரில்

2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு முன்னெப்போதும் காணாத அளவுக்குப் பரவியது. அந்த ஆண்டில் 186,101 நோயாளர்கள் பதிவானார்கள். எங்கள் மாவட்டத்தில் கிண்ணியாவை அது மார்ச் மாதத்திலேயே கடுமையாகத் தாக்கியது. அந்த நாட்களில் மாவட்ட வாரியான பட்டியல்கள் வரும். மேல்வரிசையில் கொழும்பு நிற்கும். பட்டியலைப் பார்க்கிறவர் கொழும்பில்தான் நிலைமை மோசம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். திருகோணமலை மாவட்டத்தில் 4 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிழமையில் இரண்டு மாவட்டங்களிலும் 60 பேர் வீதம் நோயுற்றதாகக் கொண்டால், கொழும்பில் இலட்சம் பேருக்கு 3 பேரைக்கூட எட்டாது. இங்கே இலட்சம் பேருக்கு 15 பேருக்கும் மேல். எண்ணிக்கை ஒன்று, நெருக்கடி ஆறு மடங்கு.

ஆனால் எண்ணிக்கை பயனற்றது என்று கொள்ளக் கூடாது. எத்தனை கட்டில் வேண்டும், எத்தனை தாதியர் வேண்டும் என்று வைத்தியசாலை முடிவு செய்வது எண்ணிக்கையை வைத்து. எங்கே ஆபத்துக் கூட என்று ஒருவர் அறிய வேண்டியது வீதத்தை வைத்து. கேள்விக்குத் தக்க எண்ணை எடுப்பது செய்தியாளரின் வேலை.

ஒரு பானைச் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கருத்துக்கணிப்பின் முழு அடிப்படையையும் சொல்லிவிடுகிறது. நாடு முழுவதையும் கேட்க முடியாது. சிலரைக் கேட்டுப் பலரை அறிகிறோம். அந்தச் சிலருக்கு மாதிரி என்று பெயர். ஆனால் வீட்டுப் பானைக்குப் பொருந்துவது அன்னதானக் கிடாரத்துக்குப் பொருந்துமா? விறகடுப்பில் பெரிய கிடாரத்தில் சோறு ஆக்கியவர்களுக்குத் தெரியும்: அடியில் குழைந்திருக்கும், மேலே அரிசி பதமாகியிராது. மேலாக ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். துடுப்பால் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். யாரும் தெரிவாகச் சம வாய்ப்பு இருக்கும்படி ஆட்களை எடுப்பதை எழுமாற்று மாதிரி என்கிறோம். துடுப்பால் கிளறுவது அதுதான்.

கிளறாமல் எடுத்தால் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. 1936இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒரு சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் படிவங்களை அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்தத்தில் வாடியிருந்த ஏழைகள் அந்தப் பட்டியல்களில் இல்லை. படிவம் கிடைத்தவர்களிலும் ஆர்வமுள்ளவர்களே திருப்பி அனுப்பினார்கள். அதே தேர்தலில் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்ட ஜோர்ஜ் கலப் என்ற கருத்துக்கணிப்பாளர் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

முறையாக எடுத்த 1,000 பேர் மாதிரியில்கூட, விடை ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். இதற்கு மாதிரி வழு என்று பெயர். ஒருவருக்கு 46, மற்றவருக்கு 45 என்று வந்தால் "முந்துகிறார்" என்று எழுதுவது பொருந்தாது. இருவரும் சமமாக நிற்கிறார்கள் என்பதே அங்கே செய்தி. வழியில் போவோர் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு "மக்கள் கருத்து" என்று தலைப்பிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பில்லியனும் கோடியும்

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. அறிக்கைகள் மில்லியனிலும் பில்லியனிலும் வருகின்றன; வாசகர் இலட்சத்திலும் கோடியிலும் சிந்திக்கிறார். ஒரு மில்லியன் பத்து இலட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு ட்ரில்லியன் ஓர் இலட்சம் கோடி. எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. இரவு பத்து மணிக்குப் பக்கம் மூடும் அவசரத்தில் அப்படி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வீதித் திட்டத்துக்கான 2.5 பில்லியன் ரூபாவை நான் 25 கோடி என்று எழுதினேன். எழுதியிருக்க வேண்டியது 250 கோடி. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இருபத்தைஞ்சு கோடிக்கு இந்த வீதியில மதகு ரெண்டுகூடக் கட்டேலாது" என்றார். அவர் திருத்தியது கணக்கை வைத்து அல்ல, வீதியை நடந்து பார்த்த அறிவை வைத்து. அன்றிலிருந்து பெரிய தொகை எதையும் தலைக்கு எவ்வளவு, கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

2024 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். ஆகவே அரசு ஒரு பில்லியன் ரூபா ஒதுக்கியது என்றால், தலைக்கு ஏறத்தாழ 46 ரூபா. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்திருந்தால் போதும். 10 பில்லியன் என்ற அறிவிப்பு வரும்போது ஆளுக்கு 460 ரூபா என்று உடனே தெரிந்துவிடும். அது பெரிதா சிறிதா என்பதை வாசகர் தாமே நிதானித்துக்கொள்வார்.

மழைச் செய்தியும் இவ்வாறே. "100 மில்லிமீற்றர் மழை" என்பது பலருக்கு ஒரு சத்தம் மட்டுமே. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர் வளவில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஐந்தை முற்றத்தில் கவிழ்த்தது போல. மார்கழி மழையில் எந்த வடிகான் நிரம்பும் என்று இதைப் படித்த ஒருவரால் கணிக்க முடியும்.

யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள்

கடைசியாக, எண்ணுவதற்கு முன் நடக்கும் வேலை. எதையும் எண்ணுவதற்கு முதல், எது கணக்கில் சேரும் எது சேராது என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். 2017இன் டெங்கு எண்ணிக்கையில் வருபவர்கள் டெங்கு என்று சந்தேகித்து அறிவிக்கப்பட்டவர்கள்; எல்லோருக்கும் ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தப்படவில்லை. வேலையற்றோர் என்ற கணக்கில் வேலை தேடுகிறவர்கள் மட்டுமே அடங்குவார்கள். தேடிக் களைத்து நிறுத்திவிட்டவர் அதில் இல்லை. வரையறையை ஒரு வரியில் சொல்லாத செய்தியில், எண் துல்லியமாக இருந்தும் பொருள் மாறிவிடுகிறது.

இது எனக்கு நன்றாகப் புரிந்தது 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நாட்களில். எங்கள் கரையோரம் முழுவதிலிருந்தும் எண்ணிக்கைகள் வந்துகொண்டிருந்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று; ஓர் அலுவலகத்தில் ஒன்று, இன்னோர் அலுவலகத்தில் வேறொன்று. எண்ணியவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்பதல்ல காரணம். ஒருவர் வைத்தியசாலைக்கு வந்த உடல்களை எண்ணினார், ஒருவர் கிராம சேவையாளர்கள் கொடுத்த பெயர்களை எண்ணினார். இன்றைக்கும் இலங்கையில் சுனாமியால் இறந்தோர் 30,000க்கு மேல் என்று ஒரு செய்தியிலும் 35,000க்கு மேல் என்று இன்னொரு செய்தியிலும் காண்கிறோம். காணாமல்போனோரைச் சேர்த்தார்களா இல்லையா என்பதே அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி.

அந்த நாட்களில் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் நீளமானது: "இன்று மாலை 6 மணி வரை மாவட்டத்தில் மீட்கப்பட்ட உடல்கள் இத்தனை, காணாமல்போனதாக உறவினர் அறிவித்தோர் இத்தனை பேர், இவர்கள் முதல் எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை." அவசரத்தில் இரண்டாவது பாதி வெட்டப்பட்டு, முதல் பாதி மட்டும் பல பத்திரிகைகளில் வந்தது. பிள்ளையின் உடல் கிடைக்காமல் முகாமில் இருந்த ஒரு தாய் அந்த எண்ணை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுக்குள்ள என்ர பிள்ளை இருக்கிறானோ, இல்லையோ?" வெட்டப்பட்ட அந்தப் பாதியில்தான் அவருக்கான பதில் இருந்தது.